கரி கறுப்புதான், எதை எரித்த கரி?

பெருமாநல்லூர் வட்டாரத்தில் எரிக்கக் கிடைப்பது இரண்டு வகை. தென்னை மட்டை, பாளை, தேங்காய்த் தொட்டி, வேலியோரச் சீமைக்கருவேலம் ஆகியவை ஒரு வகை. பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் கழிக்கும் துணியும் கசடும் இன்னொரு வகை. முதல் வகையைக் காற்றுப் புகாமல் 400 முதல் 600 டிகிரி சூட்டில் கருக்கினால் உயிர்க்கரி, அதாவது பயோசார். இரண்டாவது வகையைக் கருக்கினாலும் கறுப்பாகத்தான் வரும். மூட்டையைப் பிரித்துப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

சொந்தத் தோட்டத்துக் கழிவில் செய்வது சிரமமில்லை. ஹைதராபாத்திலுள்ள மத்திய வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், பழைய எண்ணெய் டிரம்மையே சூளையாக்கிப் பருத்திமாரிலும் மக்காச்சோளத் தட்டிலும் கரி எடுத்துக் காட்டியிருக்கிறது. 100 கிலோ காய்ந்த கழிவுக்கு ஏறக்குறைய 25, 30 கிலோ கரி தேறும். (மாடு தின்னும் சோளத்தட்டை யாரும் எரிக்கப் போவதில்லை, எரிக்கவும் வேண்டாம்.)

ஆனால் உயிர்க்கரி விற்க வருபவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. உயிர்க்கரியால் விளைச்சல் கூடியதாக வரும் பேச்சில் பெரும்பகுதி புளிப்பு மண்ணில் நடந்த சோதனைகளிலிருந்து வருவது. கரிக்குப் பொதுவாகக் காரத்தன்மை. நம் பக்கம் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கார மண் நிறைய. அதே பலன் இங்கே கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 8-ஐத் தாண்டியிருந்தால் அவசரப்படாதீர்கள். வெறும் கரியைப் போட்டால் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழுவுரத்திலோ கோமியத்திலோ ஊறவைத்தே போட வேண்டும். முதலில் இரண்டு சென்ட்டில் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்று திரும்ப அள்ள முடியாது. மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

துணிக் கழிவுக்கு வருவோம். நல்ல காட்டன் கட்டிங் வேஸ்டுக்கு நூல் மில்களில் விலை இருக்கிறது. எரிக்க மிஞ்சுவது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது, எலாஸ்டிக், பிரிண்ட் போட்டது. பிளாஸ்டிசால் பிரிண்டில் பிவிசி உண்டு. அதிலுள்ள குளோரின் அரைகுறைத் தீயில் டையாக்சினாக மாறலாம். சாயக்கழிவுநீர்க் கசட்டில் குரோமியம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவை தீயில் அழியாது, எடை குறையக் குறையக் கரியில் செறிவுதான் கூடும். அந்தக் கசடு 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது. உரம் என்று சொல்லித் தோட்டத்தில் கொட்ட யாருக்கும் உரிமை கிடையாது. சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்துக் காட்டில் சூளை போட்டால்? காங்கேயம், பல்லடம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி ஆலைகளை எதிர்த்து விவசாயிகள் போராடியது புகைக்காக மட்டுமல்ல, கரியை அணைத்த தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்பதற்காகவும்தான். வியாபாரமாக நடத்தும் ஆலைக்கு 1974 நீர்ச் சட்டத்திலும் 1981 காற்றுச் சட்டத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு வேண்டும். இசைவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். புகார் மனுவை வாரியத்தின் திருப்பூர் வடக்கு அலுவலகத்திலும், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பொதுத்தொல்லை என்றால் கோட்டாட்சியர் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 152-ஆவது பிரிவில் நிறுத்த உத்தரவிடலாம். அதற்கும் அசையவில்லையா, சென்னையில் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பிரச்சினைக்கு 6 மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக்கு 5 ஆண்டுக்குள்ளும் போக வேண்டும்.

உயிர்க்கரி என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தவருக்கு வழி வேறு. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வாதம் கரிக்கும் பொருந்தும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதனால் பில்லை வாங்குங்கள், எந்தக் கழிவில் செய்தது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். லோடு இறங்கியதும் இரண்டு கிலோ எடுத்து, சாட்சி கையெழுத்தோடு கட்டி வைத்துவிட்டு மிச்சத்தை இறையுங்கள்.