பாகு மினுமினுக்கும் விலா எலும்பு!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பர்கூர்க் கறிக்கடைகளில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால், "எலும்பையும் சேர்த்து நிறுத்துக் காசு வாங்குகிறாரே!" என்று முணுமுணுப்பவர்களும் அதில் உண்டு.

அவர்கள் விலா எலும்பின் அருமை அறியாதவர்கள்!

அமெரிக்காவில் பன்றி விலாவைப் புகையில் வாட்டி, இனிப்பும் புளிப்பும் கலந்த குழம்பைப் பூசித் தின்கிறார்கள். சீனாவில் வூசி என்ற நகரம் இனிப்பு விலாவுக்கே பெயர் பெற்றது. நமக்கு வெள்ளாடு இருக்கிறது. புளிக்குப் பெயர்போன கிருஷ்ணகிரிச் சீமையில் புளிக்குப் பஞ்சமா? வெல்லம் வீட்டிலேயே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கடையில் கவனம்

இளம் ஆட்டின் விலா மெல்லியதாக இருக்கும். கொழுப்பு வெள்ளையாக இருக்கும். அரைக் கிலோ போதும். இரண்டு விரல் நீளத்துக்கு ஒரே வெட்டாக வெட்டச் சொல்லுங்கள். கொத்தினால் எலும்புச் சிம்பு குழந்தைகளின் தொண்டையில் குத்தும்.

ஒரே கறி, இரண்டு பதார்த்தம்

விலாவுடன் இஞ்சி, பூண்டு விழுது, சின்ன வெங்காயம், மஞ்சள்தூள் சேர்த்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் நான்கைந்து விசில் வைக்க வேண்டும். உப்பு பாதி அளவே போடுங்கள். பாகு சுண்டும்போது கரிப்பு ஏறிவிடும்!

விலாக் கறியில் ஜவ்வு அதிகம். அவசரமாக வறுத்தால் ரப்பர்தான். ஈரச் சூட்டில் நின்று வெந்தால் அந்த ஜவ்வே கரைந்து பசையாகிறது. பிறகு பாகு கறியில் ஒட்டுவதற்கும் அந்தப் பசை உதவுகிறது.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கரண்டி மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியில் மிளகாய், மல்லி அரைத்து விட்டால் ராகிக் களிக்குக் குழம்பு தயார். விலைவாசி ஏறிக் கிடக்கும் காலத்தில் இது சாமான்ய லாபமா?

கறியைக் கெடுக்கும் அவசரம்

அடி கனத்த வாணலியில் கடலை எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை தாளித்து, நெல்லிக்காயளவு புளியின் கரைசல், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகுத்தூள், எடுத்துவைத்த ஒரு கரண்டி தண்ணீர் எல்லாவற்றையும் கொதிக்க விடவேண்டும். பச்சை வாசனை போகட்டும்.

வெல்லத்தை எப்போது போடுவது? கடைசியில்! பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதலிலேயே போட்டு வறுத்தால் வெல்லம் கருகும். கசப்பு கறி முழுவதும் ஏறும். அரைக் கிலோ கறியும் பாழ்! தண்ணீர் இருக்கும் வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு குபீரென்று ஏறும். பாகு கரியாக ஒரு நிமிடம் போதும். அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தாலும் அடுப்பை விட்டு நகரக்கூடாது!

எலுமிச்சம்பழ அளவு வெல்லத்தைத் தூளாக்கிப் போட்டுத் தணலைக் குறையுங்கள். பெரிய குமிழிகள் சிறுத்துக் கெட்டியாகும். அப்போது விலாவைப் போட்டு மெள்ளப் புரட்டுங்கள். கரண்டியால் இழுத்தால் வாணலியில் கோடு தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டும் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். உடனே இறக்கிவிடுங்கள்.

வாணலியில் ஒட்டிய பாகில் ஒரு பிடி சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டினால்... அது சமைத்தவருடைய பங்கு!