கால் கறுப்பா, மஞ்சளா?

டிசம்பரில் கோடியக்கரை உப்பளங்களின் ஓரம் மேயும் உள்ளான் கூட்டத்தில் ஆகச் சிறியதைக் கொசு உள்ளான் என்று குறித்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே சிறிய உடம்பு, 25 கிராம் சுமாருக்கு எடை. ஐரோப்பாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும் துருவத்தை ஒட்டிய மரமற்ற தரையில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. சிக்கல் அதன் பங்காளிகளால்தான்.

முதலில் காலைப் பாருங்கள். கறுப்பு என்றால் கொசு உள்ளான். மஞ்சளோ பச்சையோ கலந்திருந்தால் டெம்மின்க் கொசு உள்ளானாக இருக்கலாம். ஆனால் சேறு அப்பிய மஞ்சள் காலும் கறுப்பாகத்தான் தெரியும். பறவை தண்ணீரில் இறங்கிக் கால் கழுவும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் நடத்தையே காட்டிக்கொடுத்துவிடும். கொசு உள்ளான் திறந்த சேற்றில் கூட்டமாக ஓடி, தையல் மெஷின் ஊசிபோலப் படபடவென்று கொத்தும். டெம்மின்க், புல் மண்டிய நன்னீர்க் குட்டையோரம் ஒன்றிரண்டாகப் பதுங்கிப் பதுங்கி மேயும். கிளப்பினால் 'டிர்ர்ர்' என்று குரல் கொடுத்தபடி உயரே ஏறும். வாலின் இருபுறமும் வெள்ளை பளிச்சிடும்.

உண்மையான தலைவலி செங்கழுத்துக் கொசு உள்ளான். இதற்கும் கறுப்புக் கால். ஆஸ்திரேலியா வரை போகும் இதில் சில நம் கிழக்குக் கரைக்கும் வருவதுண்டு. குளிர்காலத்தில் இரண்டுக்கும் மேலே சாம்பல், கீழே வெள்ளை. செங்கழுத்தின் அலகு கொஞ்சம் தடிமன், கால் கொஞ்சம் குட்டை என்கின்றன கையேடுகள். படத்தில் தெரியும் அந்த மில்லிமீட்டர் வித்தியாசம், உச்சிவெயிலில் கானல் நெளியும் உப்பளத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்ய இடமிருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

தீர்மானமாகச் சொல்லியே ஆகவேண்டும் என்பவர்கள் டிசம்பரை விட்டுவிட்டுச் செப்டம்பரில் போகலாம். அப்போது வந்திறங்கும் இளம் கொசு உள்ளானின் முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் 'வி' வடிவில் துலக்கமாக இருக்கும். இளம் செங்கழுத்தில் அவை மங்கல், சிலவற்றில் இருப்பதே தெரியாது. ஏப்ரல் கடைசி இன்னும் நல்லது. புறப்படத் தயாராகும் பறவைகளுக்குச் செம்பழுப்பு ஏறியிருக்கும். கொசு உள்ளானுக்குத் தொண்டை மட்டும் வெள்ளையாகவே நிற்கும், மார்போரக் கரும்புள்ளிகள் செம்பழுப்புக்குள்ளேயே விழுந்திருக்கும். செங்கழுத்துக்குத் தொண்டையும் சிவந்திருக்கும். புள்ளிகள் அந்தச் சிவப்புக்குக் கீழே வெள்ளையில் இருக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் முதுகை விட்டுவிட்டு, பறவை நிமிரும் நேரம் பார்த்துத் தொண்டையை எடுக்க வேண்டும்.