கடற்கரை மணலின் படிக ஒழுங்கு

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் 1909ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்த மோனசைட், சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களின் பாஸ்பேட் கனிமமாகும். பாஸ்பரஸ் அணுவை நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்த நான்முகிகளும், அருமண் அணுவை ஒன்பது ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்த பன்முகிகளும் மாறிமாறிச் சங்கிலிகளாக நீண்டு, தம்முள் பிணைந்து, ஓர் அச்சு மட்டும் சாய்ந்த ஒற்றைச்சரிவுப் படிகத்தை உருவாக்குகின்றன.

லாந்தனம் முதல் கடோலினியம் வரையிலான பெரிய அயனிகளுக்கு இவ்வமைப்பு பொருந்த, டெர்பியம் முதல் லுட்டீசியம் வரையிலானவையும் இட்ரியமும் சிறியவையாதலால், எட்டு ஆக்சிஜன்களுடன் நாற்கோணப் படிகமான செனோடைம் அமைப்பைப் பெறுகின்றன.

அருமண் அயனியின் இடத்தில் தோரியமும் அமர்வதால் மோனசைட் இந்திய அணுசக்தித் திட்டத்துக்கு இன்றியமையாததாகிறது. கதிரியக்கத்தைத் தாங்கியும் படிக ஒழுங்கு குலையாத அதன் உறுதியோ, அணுக்கழிவைப் பூட்டிவைக்கும் பொருளாக அதனை ஆராயத் தூண்டுகிறது.