திரும்பி வந்த பெட்டியும் யப்பான் சந்தையும்

சென்ற மாரிகாலம் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஒரு பெட்டி திரும்பி வந்தது. நாங்கள் செய்து கொடுக்கும் உலோக மூடிகளை வேறொரு ஜேர்மன் கொம்பனி வாங்கி, தன்னுடைய யந்திரத்தில் பூட்டி யப்பானுக்கு விற்கிறது. அங்கே வாங்கியவர்கள் ஒரு மூடியைக் கழற்றிப் படம் எடுத்து, படத்தில் சிவப்பு அம்புக்குறியும் போட்டு அனுப்பியிருந்தார்கள். அம்புக்குறி காட்டிய இடத்தில் தலைமயிர் அளவில் ஒரு கீறல். அதுவும் உட்பக்கத்தில். பூட்டினால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

"இந்தக் கீறலால் மெசின் ஓடாதோ?" என்று என்னோடு நிற்கும் துருக்கிக்காரர் கேட்டார். "ஓடும். ஆனால் அவர்கள் காசு தந்தது கீறல் இல்லாத மூடிக்கு" என்றார் எங்கள் மைஸ்ரர். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் லாம்பு வெளிச்சத்தில் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான் எங்களுக்கு வேலை.

ஊரில் யப்பான் சாமான் என்றால் ஒரு மரியாதை. அப்பாவின் எம்.டி.90 மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடியது. வீட்டில் நஷனல் றேடியோ. இப்படிச் சாமான் செய்கிறவர்களுக்கு வெளியிலிருந்து ஒருவன் போய் எதை விற்பது? அந்த இரண்டு சனிக்கிழமையும் இதுதான் மண்டைக்குள் நின்றது. நான் ஓ.எல். வரை படித்தவன். என்றாலும் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். ஐரோப்பியக் கொம்பனிகள் பல அங்கே போய் அடி வாங்கியிருக்கின்றன. சில நின்று பிடித்திருக்கின்றன. ஒன்று அடி வாங்கித் திரும்பி வந்து, இருபது வருடம் கழித்து மறுபடி போயிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அந்தக் கொம்பனியின் கதிரையில் இருந்துதான் உங்களில் பலர் இதை வாசித்துக் கொண்டிருப்பீர்கள்.

தளபாடக் கடை இரண்டு முறை போன கதை

இக்கேயாவைத் தெரியாத அகதிக் குடும்பம் இல்லை. முகாமிலிருந்து வீடு கிடைத்து வந்ததும் முதல் வாங்கும் கட்டிலும் மேசையும் பெரும்பாலும் அங்கேதான். பெட்டியாகத் தருவார்கள், நாமே திருகாணி போட்டுப் பூட்ட வேண்டும். ஊரில் தச்சுவேலை செய்த ஓர் அண்ணை எங்கள் வீட்டு அலுமாரியைப் பூட்ட வந்து, "தம்பி, இது மரமோ மாவோ?" என்று கேட்டார். அது வேறு கதை.

சுவீடனில் 1943இல் இங்வார் கம்பிராட் தொடங்கிய இந்தக் கடை, உள்ளூர்க் கூட்டாளிகளோடு 1974இல் யப்பானுக்குப் போனது. பன்னிரண்டு வருடம் இழுத்துப் பார்த்து 1986இல் கடையைப் பூட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. காரணம் விளங்காத ஒன்றல்ல. சுவீடன் வீட்டுக்கு அளவெடுத்த சோபா யப்பான் வீட்டு வாசலால் உள்ளே போகாது. அதற்கு மேலே, காசு கொடுத்து வாங்கியவன் தானே பூட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து யப்பானியருக்கு ஏற்கவில்லை. கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்து, வணங்கிவிட்டுப் போவதுதான் அவர்களுக்குப் பழக்கம். மலிவு என்று சொல்லியும் பலிக்கவில்லை. மலிவு என்றால் அது பழுது என்று நினைத்தார்கள்.

இரண்டாம் முறை வந்தபோது அவசரப்படவில்லை. 2002இல் யப்பானில் கொம்பனியைப் பதிந்தார்கள். கடை திறந்தது 2006 ஏப்ரலில். இடையிலே நாலு வருடம். அந்த நேரத்தில் யப்பானியர் வீடுகளுக்குள்ளே போய், எங்கே படுக்கிறார்கள், பாயை எங்கே சுருட்டி வைக்கிறார்கள், பிள்ளையின் புத்தகம் எங்கே கிடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். யப்பானில் அறையின் அளவை ததாமி என்ற பாயின் எண்ணிக்கையில் சொல்வார்கள். ஒரு பாய் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் அகலம், 180 நீளம். நாலரைப் பாய் அறை என்றால் ஏழு சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. முகாமில் நாலு பேர் ஒரே அறையில் இருந்த எங்களுக்கு அந்த அளவைக் கணக்குப் போட்டு விளங்க வேண்டியதில்லை. கடை திறக்க முன்னர் இக்கேயா ரோக்கியோவில் நாலரைப் பாய் அறைகளைச் செய்து காட்சிக்கு வைத்தது. உங்கள் வீட்டுக்குள்ளும் எங்கள் சாமான் கொள்ளும், வந்து பாருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

ரோக்கியோவுக்கு அருகே ஃபுனபாசியில் கடை வந்தது. முன்னர் கூரைக்குக் கீழே பனிச்சறுக்கு விளையாடும் பெரிய மண்டபம் நின்று, பின் இடிக்கப்பட்ட நிலம் அது. சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து தரவும், ஆள் வந்து பூட்டித் தரவும் ஒழுங்கு செய்தார்கள். அதற்குத் தனிக் காசுதான். சோபாவும் கட்டிலும் சிறிய அளவில் வந்தன. அதே வருடம் யொக்கொகாமாவில் அடுத்த கடை. 2020இல் ரோக்கியோ நகரின் நடுவிலே, ஹராயுக்குவில் சின்னக் கடை ஒன்றும் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் யப்பானியரும் மாறியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1990களில் அங்கே பொருளாதாரம் விழுந்த பிறகு மலிவுச் சாமானுக்கு முகம் சுழிப்பது குறைந்துவிட்டது. ஆகவே முழுப் புகழையும் சுவீடன்காரருக்குக் கொடுத்துவிட முடியாது.

அடி வாங்கியவர்கள்

பிரான்சில் இருக்கும் வாசகர்களுக்குக் கார்பூர் கடை நன்றாகத் தெரியும். 2000 டிசம்பரில் ரோக்கியோவுக்குப் பக்கத்தில் மக்குகாரியில் பெரிய கடை திறந்தது. சனம் அள்ளுப்பட்டு வந்தது. வந்தவர்கள் தேடியது பிரெஞ்சு வைனும் பிரெஞ்சுச் சீஸும். தட்டில் இருந்ததோ பக்கத்துக் கடையில் கிடைக்கும் அதே யப்பான் சாமான். 2005இல் கடைகளை யப்பானின் இயோன் கொம்பனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இங்கிலாந்தின் ரெஸ்கோ 2003இல் சிறு கடைக் கொம்பனி ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. 2012இல் பாதிப் பங்கை அதே இயோனுக்கு விற்றது. விலை என்ன தெரியுமா? ஒரு யென். எழுத்துப்பிழை இல்லை, ஒரே ஒரு யென்.

வொடபோன் கதைதான் எனக்கு மிகவும் அதிசயமாக இருந்தது. அவர்கள் 2001இல் தங்கள் கைக்குள் கொண்டுவந்த ஜே-போன் சாதாரணக் கொம்பனி அல்ல. 2000ஆம் ஆண்டிலேயே ஷார்ப் செய்த கமரா கைத்தொலைபேசியை விற்றுப் படம் அனுப்பும் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவர்கள். ஐரோப்பாவில் நாம் அப்போது ரெலிபோன் காட் சுரண்டிக் கொண்டிருந்தோம். வொடபோன் செய்தது என்ன? உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரி போன் வாங்கினால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டு, அப்படியான போன்களை அங்கே இறக்கியது. யப்பானியர் கண்ணுக்கு அவை பின்தங்கிய போன்களாகவே பட்டன. வாடிக்கையாளர் கழன்று போனார்கள். 2006இல் ஏறக்குறைய 1.75 இலட்சம் கோடி யென்னுக்கு எல்லாவற்றையும் சொவ்ற்பாங்க் கொம்பனிக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். கணக்குப் போட்டவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஸ்ரியறிங் எந்தப் பக்கம்?

கார்க் கதைக்கு வருவோம். ரொயோட்டாவும் ஹொண்டாவும் நிசானும் பிறந்த நாட்டில் ஜேர்மன்காரர் கார் விற்பதென்பது கீரிமலைக்குத் தண்ணீர் கொண்டுபோய் விற்பது போல. யப்பான் 1978இல் இறக்குமதிக் காருக்கான சுங்க வரியை முற்றாக எடுத்துவிட்டது. அதோடு கதவு திறந்துவிட்டது என்று நினைத்தால் பிழை. கார் விற்கக் கடை வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், திருத்த ஆள் வேண்டும். அதுவரை வெளிநாட்டுக் கார்களை உள்ளூர் முகவர்களே இறக்கினார்கள். பணக்காரருக்குக் கொஞ்சமாக, கூடிய விலைக்கு.

1981இல் பி.எம்.டபிள்யூ கொம்பனி முகவரை விட்டுவிட்டுத் தானே அங்கே ஒரு சொந்தக் கொம்பனியை வைத்தது. ஐரோப்பியக் கார்க் கொம்பனி ஒன்று அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. விற்பனை நிலையங்களைத் தானே ஒழுங்குபடுத்தியது. குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. உதிரிப்பாகத்தை யப்பானிலேயே களஞ்சியம் வைத்துக் கொடுத்தது. பென்ஸ் 1986இல் அதே வழியில் வந்தது. வொக்ஸ்வாகன் இன்னும் ஒரு படி மேலே போய், 1992 முதல் ரொயோட்டாவின் கையாலேயே தன் காரை விற்றது. 2010 வரை அந்த ஒழுங்கு இருந்தது.

யப்பானிலும் ஊரில் போல வீதியின் இடப்பக்கமே வாகனம் ஓடும். ஆகவே ஸ்ரியறிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுக் காருக்கு இடப்பக்கம் ஸ்ரியறிங் இருப்பதைப் பெருமையாக நினைத்த காலமும் அங்கே இருந்தது. அமெரிக்கக் கொம்பனிகள் 1990களின் தொடக்கம் வரையும் பெரும்பாலும் இடப்பக்க ஸ்ரியறிங் காரையே அனுப்பிவிட்டு, யப்பான் சந்தை மூடிக் கிடக்கிறது என்று முறைப்பாடு செய்தன. ஜேர்மன்காரர் ஏற்கெனவே இங்கிலாந்துக்கு வலப்பக்க ஸ்ரியறிங் கார் செய்து பழகியவர்கள். அதை யப்பானுக்கும் கொடுத்தார்கள். முறைப்பாட்டில் உண்மை இல்லாமலும் இல்லை, அங்கே கடை பிடிப்பதும் முகவர் பிடிப்பதும் எளிதல்ல. என்றாலும் ஸ்ரியறிங்கை மாற்றாமல் முறைப்பாடு செய்வது எனக்குக் கொஞ்சம் வெட்கமான காரியமாகவே படுகிறது.

கப்பலில் வந்திறங்கும் கார் நேரே கடைக்குப் போகாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய மண்டபத்தில் வெளிச்சத்துக்குக் கீழே விட்டு, பூச்சில் புள்ளி இருக்கிறதா, கதவு இடைவெளி சரியா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். கண்டால் அங்கேயே பூசித் திருத்துவார்கள். ரொயோட்டாவின் மாகாணமான ஐச்சியில், தொயோகாசித் துறைமுகத்தில் வொக்ஸ்வாகன் இப்படி ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது. இதை வாசித்தபோதுதான் எங்கள் மூடிக் கீறலுக்கு விளக்கம் கிடைத்தது. எங்களுக்குத் தனியாக ஒரு கோபமும் இல்லை, அங்கே எல்லோருக்கும் இதுதான் அளவுகோல்.

பெயருக்குள் இருப்பவர்கள்

பழைய கதையொன்று. பூஜி என்றால் யப்பானின் மலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மின்சார யந்திரங்கள் செய்யும் பூஜி எலெக்ரிக் கொம்பனியின் பெயர் அப்படி வந்ததல்ல. 1923இல் புருக்காவா என்ற யப்பான் கொம்பனியும் ஜேர்மனியின் சீமன்ஸும் சேர்ந்து அதைத் தொடங்கின. புருக்காவாவின் 'பு', சீமன்ஸை யப்பானியர் உச்சரிக்கும் 'ஜீமென்சு'வின் 'ஜி'. 1935இல் அதிலிருந்து பிரிந்ததுதான் கொம்பியூட்டர் செய்யும் பூஜிற்சு.

எங்கள் வீட்டு நஷனல் றேடியோவுக்குள்ளும் ஐரோப்பா இருந்திருக்கிறது. அதைச் செய்த மற்சுசிற்றா கொம்பனி 1952இல் ஒல்லாந்தின் பிலிப்ஸோடு சேர்ந்து குழாய்களும் மின்குமிழ்களும் செய்ய ஒரு தொழிற்சாலை தொடங்கியது. தொழில்நுட்பம் சொல்லித்தர பிலிப்ஸ் 7 வீதம் கட்டணம் கேட்டது. கொனொசுக்கே மற்சுசிற்றா 4.5 வீதத்துக்குப் பேசி இறக்கினார். அதோடு விடவில்லை. நீங்கள் தொழில்நுட்பம் தருகிறீர்கள், நாங்கள் நிர்வாகம் தருகிறோமே, அதற்கும் கட்டணம் தாருங்கள் என்று 3 வீதம் வாங்கிக்கொண்டார். இந்த மனிதர் பள்ளிக்கூடத்தை ஒன்பது வயதில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்.

பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிற்கற் சொக்கிளேற் இங்கிலாந்தில் பிறந்தது. யப்பானில் 1973 முதல் விற்பனை. 1988இல் அந்த ஆங்கிலக் கொம்பனியைச் சுவிசின் நெஸ்லே வாங்கியது. யப்பான் மொழியில் 'கிற்றோ கற்சு' என்றால் நிச்சயம் வெல்வாய் என்று பொருள். கியூசூத் தீவில் பெற்றோர் சோதனைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். நெஸ்லே அதைக் கண்டுகொண்டு, 2009இல் அஞ்சலகங்களோடு சேர்ந்து, வாழ்த்து எழுதித் தபாலில் போடக்கூடிய பெட்டியாகவே விற்றது. இப்போது பச்சைத் தேயிலை முதல் நூற்றுக்கணக்கான சுவைகளில் வந்திருக்கிறது. கண்டுபிடித்தது கொம்பனி அல்ல, தாய்மார்.

கடைசியாகச் சிப் செய்யும் யந்திரம். 1980களிலும் 90களிலும் கொம்பியூட்டர்ச் சிப்பில் ஒளியால் கோடு வரையும் யந்திரம் என்றால் நிக்கோன், கனோன் என்ற யப்பான் கொம்பனிகள்தான். 1984இல் அதே பிலிப்ஸும் இன்னொரு கொம்பனியும் சேர்ந்து ஏ.எஸ்.எம்.எல். என்ற சிறு கொம்பனியைத் தொடங்கின. முதல் வேலைத்தலம் பிலிப்ஸ் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். அவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்யப் புறப்படவில்லை. கண்ணாடி ஜேர்மனியின் சைஸ் கொம்பனியிடம். லேசர் துரும்ஃப் கொம்பனியிடம், எங்கள் பட்டறையில் தகடு வெட்டும் யந்திரமும் அவர்களுடையதே. உருகிய தகரத் துளிகளைச் செக்கனுக்கு 50,000 தடவை லேசரால் அடித்து, 13.5 நனோமீற்றர் அலைநீள ஒளியை எடுக்கிறார்கள். அப்படி ஒரு யந்திரத்தை இன்று விற்பவர்கள் உலகத்திலேயே இவர்கள் மட்டும்தான். நிக்கோனும் கனோனும் அந்த ஓட்டத்தில் பின்னின்றுவிட்டன.

2024 டிசம்பரில் அந்த யந்திரம் ஒன்று விமானத்தில் யப்பானின் வடக்கே, ஹொக்கைடோத் தீவின் சித்தோசே நகரத்துக்குப் போய் இறங்கியது. ரப்பிடஸ் என்ற புதிய யப்பான் கொம்பனியின் தொழிற்சாலைக்காக. பெட்டி பெட்டியாகத்தான் போயிருக்கும். ஒன்றாவது படமும் சிவப்பு அம்புக்குறியுமாகத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.