உலகமே கூப்பிடும் 'அப்பா'



இயேசு பேசிய அரமேய மொழியில் தந்தைக்கு 'அப்பா' என்று பெயர். நடு ஒலி மட்டும் 'பக்தி' என்பதன் முதல் ஒலிபோல் இருக்கும். இதைக் கேட்டதும், "அப்படியானால் ஆண்டவர் தமிழ் பேசினாரா, சாமி?" என்று ஆவலோடு கேட்பவர்கள் உண்டு.

இல்லை. அரமேயம் எபிரேயத்திற்கும் அரபிக்கும் உறவான செமித்திய மொழி. தமிழோ திராவிட மொழி. கொரிய மொழியிலும் 'அப்பா' உண்டு. துருக்கியிலும் சுவாகிலியிலும் 'பாபா'. இவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியவை அல்ல.

மொழியியல் அறிஞர் ரோமன் யாக்கப்சன் இதை விளக்கினார். குழந்தை உதடுகளை மூடித் திறந்தாலே 'ப', 'ம' ஒலிகள் வந்துவிடும். வாய் திறந்தால் 'ஆ'. மழலை இப்படி ஒலிக்கும்போது, "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று பெற்றோர் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஒலி யாருக்கு என்பதுகூட ஊருக்கு ஊர் மாறும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை!

மழலையில் பிறந்தாலும், அரமேயத்தில் வளர்ந்த பிள்ளைகளும் இச்சொல்லால்தான் தந்தையை அழைத்தார்கள். நற்செய்தி நூல்களில் இது ஒரே ஓர் இடத்தில் வருகிறது: மாற்கு 14:36. கெத்சமனியில், துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடிய இரவில், இயேசு 'அப்பா' என்றார். பின் தம்மையே தந்தையின் விருப்பத்திற்குக் கையளித்தார். தூய ஆவியாரால் நாமும் அவ்வாறே அழைக்கிறோம் என்கிறார் புனித பவுல் (உரோ 8:15, கலா 4:6).

ஆனால், குடியாலும் அடியாலும் 'அப்பா' என்ற சொல்லே கசந்துபோன பிள்ளைகள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டுத் தந்தையை வைத்துக் கடவுளை அளக்காதீர்கள். கடவுளை வைத்தே எல்லாத் தந்தையரையும் அளக்க வேண்டும்.

தந்தையரே, அந்தப் பெயரை நாம் சம்பாதிக்கவில்லை. எதுவும் அறியாத ஒரு குழந்தையின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட பெயருக்கு உரியவர்களாய் வாழ்வது நம் கடமை. 'அருள்தந்தை' என்று அழைக்கப்படும் எங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த ஞாயிறு திருப்பலியில் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது, 'தந்தையே' என்ற இடத்தில் ஒரு கணம் நிதானிப்போம். அந்தச் சொல் கசந்துபோனவர்களையும் அக்கணத்தில் நினைத்துக்கொள்வோம். ஆமென்.