ஒரு படம், பல கைகள்

"பார்த்து வரத் தெரியாதா?"

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு பருவம் முழுக்க நான் கேட்ட கேள்வி இது. பெஞ்சில் இடித்துக்கொள்வாள். கீழே விழுந்த பென்சில் காலடியிலேயே கிடக்கும், கைகளால் தரையைத் தடவித் தேடுவாள். மழை மூட்டமான நாளில் மாடிப்படியில் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். ஆனால் கரும்பலகையில் எழுதியதைக் கடைசி வரிசையிலிருந்துகூடத் தெளிவாகப் படித்துவிடுவாள். அதனால் கண்ணில் குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவனக்குறைவு என்றே முடிவுகட்டினேன்.

அந்த முடிவை மாற்றியது ஓர் ஓவியரின் வாழ்க்கை. அவரைப் பற்றியும், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்பில் செய்த ஒரு செயல்பாட்டைப் பற்றியும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மதுரையை வரைந்தவர்

மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். வேதியியல் பயின்று, சென்னையில் மின்கலத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். ஓவியத்தை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. பேனாவும் கறுப்பு மையும் கொண்டு, நுண்ணிய கோடுகளால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களையும் யானைமலையையும் தெருக்களையும் வரைந்தார். தம் இளமைக்கால மதுரையைக் கதையாக எழுதி அதற்குத் தாமே படங்களும் வரைந்த நூல் 'கிரீன் வெல் இயர்ஸ்'. அவருடைய மதுரை ஓவியங்களும் நினைவுகளும் சேர்ந்த மற்றொரு நூல் 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை'.

இத்தனை நுணுக்கமாக வரைந்தவருக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் இருந்தது. பார்வையின் ஓரங்கள் ஆண்டுக்கு ஆண்டு இருண்டுகொண்டே வரும் நோய் அது. கடைசியில் ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் சிறு வட்டம் மிஞ்சும்.

1963இல் அவர் மஹிமாவை மணந்தார். மஹிமாவும் ஓவியம் அறிந்தவர். 1972ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்த சாலை விபத்தில் மஹிமாவின் கழுத்து எலும்பு முறிந்து, தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன்பின் 2008இல் மறையும்வரை அவர் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். ஒருவருக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. மற்றவருக்குக் கைகால்கள் இயங்கவில்லை. அந்த இருவரும் சேர்ந்து படைத்தார்கள் என்பதுதான் நம் வகுப்பறைக்கு வேண்டிய செய்தி.

வேலையைப் பங்கிட்ட விதம்

மனோகரின் கோட்டோவியங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டார்கள். படம் அவருடையது. படத்தில் உள்ள இடத்தைப் பற்றிய சிறு குறிப்பு மஹிமாவுடையது. கிடைத்த பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தார்கள். பிற்காலத்தில், சென்னையின் பழங்கட்டடங்களைப் பற்றிய 'மெட்ராஸ் இங்க்டு' நூலில் கட்டடக் கலைஞர் சுஜாதா சங்கரோடு இணைந்து பணியாற்றினார். அதிலும் கோடு ஒருவருடையது, எழுத்து மற்றவருடையது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர் அவருக்கு 'உதவினார்' என்று சொல்ல முடியாதபடி, இருவருக்கும் முழுமையான பங்கு இருந்தது. குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் படம் ஒரு கட்டடம் மட்டுமே. படம் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு வெறும் தகவல்.

ஓவியர்கள் தனியாக அமர்ந்து வரைபவர்கள் என்று நினைக்கிறோம். தமிழ் இதழ்களின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னின் வந்தியத்தேவனும் குந்தவையும் மணியத்தின் தூரிகையால்தான் வாசகர் மனத்தில் முகம் பெற்றார்கள். மணியத்தின் மகன் மணியம் செல்வனும் அதே துறையில் பெயர் பெற்றவர். கி.ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஆதிமூலத்தின் கோடுகள் துணைநின்றன. ஒரு படைப்புக்குப் பின்னால் நட்பும் குடும்பமும் இருப்பது நம் மரபுக்குப் புதிதன்று.

நான் தவறவிட்டது

மனோகரின் நோயைப் பற்றிப் படித்தபோது, அதன் தொடக்க அறிகுறிகள் ஒவ்வொன்றும் அந்த மாணவியை நினைவூட்டின. மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுவது, பக்கத்தில் இருப்பது தெரியாமல் மோதிக்கொள்வது, விழுந்த பொருளைத் தேடித் திணறுவது, ஆனாலும் நேரே இருக்கும் எழுத்தைத் தெளிவாகப் படிப்பது. எழுத்து அட்டையைக் காட்டிச் செய்யும் வழக்கமான சோதனையில் இக்குழந்தைகள் தேறிவிடக்கூடும். ஏனெனில் அந்த அட்டை நடுப்பார்வையைத்தான் அளக்கிறது, பார்வையின் பரப்பை அளப்பதில்லை.

மறுநாளே அவளுடைய அம்மாவை வரவழைத்துப் பேசினேன். கண் மருத்துவமனையில் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். பரப்பு குறைந்திருந்தது. இரண்டு கண்களும் சேர்ந்து நமக்குக் கிடைமட்டமாக ஏறத்தாழ 180 பாகை வரை தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன்படி, பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை இருந்தால் அது குறைபார்வை. 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை. நேராகப் பார்க்கும் எழுத்து எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பரப்பு மட்டுமே இதற்குப் போதும். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்கு இது தெரியாது.

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், இனி இவ படம் வரையலாமா?" அவளுக்குப் படம் வரையப் பிடிக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் தெருவை வரைந்தோம்

நாகல் நகர் திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள பகுதி. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். தறிச்சத்தம் முன்போல் இல்லை என்றாலும், தாத்தா பாட்டிகளின் நினைவில் அது இன்னும் ஓயவில்லை. நான் கற்பிப்பது சமூக அறிவியல். உள்ளூர் வரலாற்றுக்கான செயல்பாடாக 'எங்கள் தெரு' என்னும் படத்தொகுப்பை வகுப்பில் தொடங்கினோம். அதன் படிகள் இவை.

1. குழு: நால்வர் கொண்ட குழு. ஒருவர் வரைவார், ஒருவர் கேட்டு எழுதுவார், ஒருவர் அளவும் இடமும் குறிப்பார், ஒருவர் சரிபார்ப்பார். அடுத்த படத்துக்குப் பொறுப்புகள் மாறும்.

2. வீட்டிலிருந்து ஒருவர்: ஒவ்வொரு படத்துக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தகவல் தர வேண்டும். தறியை வரைந்த குழுவுக்கு ஒரு மாணவனின் தாத்தா பாவு, ஊடை, நாடா, தறிக்குழி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்காட்டிச் சொன்னார். "நாடாவ இவ்ளோ பெருசா போட்டா பாவுக்குள்ள எப்படிப்பா போகும்?" என்று கேட்டு அவரே படத்தைத் திருத்தவும் வைத்தார்.

3. நேரில் பார்த்தல்: கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவது இரண்டாம் கட்டம்தான். முதலில் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு தோராயமாக ஒரு கோட்டுப்படம், அதன் பின்பே வகுப்பில் முழுப்படம்.

4. கட்டம் கட்டமாக: வரைதாளை விரல் நீளக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பெரிய காட்சியை ஒரே பார்வையில் பிடிக்க முடியாத குழந்தைக்கு இது மிகவும் பொருந்தும். மற்ற குழந்தைகளுக்கும் இது அவசரத்தைக் குறைக்கிறது.

5. குறிப்பு: படத்தின் கீழே ஐந்து வரிக்கு மிகாமல் எழுத வேண்டும். படத்தில் தெரிவதை மீண்டும் எழுதக் கூடாது. தெரியாததைத்தான் எழுத வேண்டும்.

6. பெயர்கள்: வரைந்தவர், எழுதியவர், தகவல் தந்த பெரியவர் என அனைவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும்.

அந்த மாணவி மலைக்கோட்டையைத் தேர்ந்தெடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊரில் யாரைப் படம் வரையச் சொன்னாலும் முதலில் வருவது அந்தப் பாறைதான். அவளோ தன் வீட்டுத் திண்ணைத் தூணை வரைந்தாள். மரத்தின் வரியோட்டம், ஆணி அடித்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் வந்திருந்தன. தூணுக்கு இருபுறமும் என்ன இருக்கிறது என்பதை அவளுடைய தோழி பார்த்துச் சொன்னாள். குறிப்பை அவளுடைய பாட்டி சொல்ல, தம்பி எழுதினான்: அந்தத் தூணில் சாய்ந்துதான் பாட்டி முப்பது வருடம் நூல் சுற்றினாராம். கண்காட்சியில் அதிக நேரம் பெற்றோர் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான்.

ஆசிரியர் கவனத்துக்கு

மேலே சொன்ன அறிகுறிகளைக் கண்டால் நாமே நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். பெற்றோரிடம் தனியாகப் பேசலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் 'பார்வைப் பரப்பையும் பார்க்க வேண்டும்' என்று குறிப்பிட்டுக் கேட்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குத் தெரிவிக்கலாம். இந்நோயின் பெரும்பாலான வகைகளை முழுமையாகக் குணமாக்கும் சிகிச்சை இன்னும் இல்லை. எனினும் முன்கூட்டியே அறிந்தால் படிப்பு, நடமாட்டம், சான்றிதழ், உதவித்தொகை அனைத்தையும் திட்டமிட முடியும். இது மரபுவழியாக வரக்கூடியது என்பதால் உடன்பிறந்தோரையும் பரிசோதிப்பது நல்லது.

வகுப்பில் சிறு மாற்றங்களே போதும். நடைபாதையில் பைகள் கிடக்கக் கூடாது. பெஞ்சுகளை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது. வெளிச்சமான இடத்தில் அமர வைக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூச வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் செய்து முடித்தோம்.

குழுச்செயல்பாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நன்றாக வரையும் குழந்தையே எல்லாப் படத்தையும் வரைய, மற்றவர்கள் வண்ணப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை எளிதில் வந்துவிடும். எங்கள் முதல் இரண்டு படங்களில் அதுதான் நடந்தது. பொறுப்புகள் சுழல வேண்டும் என்ற விதியை அதன் பிறகே சேர்த்தோம். மதிப்பெண் வழங்கும்போதும் படத்தின் அழகுக்குப் பாதி, சேர்ந்து வேலை செய்த முறைக்குப் பாதி என்று வைத்துக்கொண்டோம்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். மாலையில் தோழியின் தோளைப் பிடித்தே படியிறங்குகிறாள். முன்பு அந்தத் தோழியை, "அவளை ஏன் இழுத்துக்கொண்டு திரிகிறாய்?" என்று கண்டித்திருக்கிறேன். இப்போது இருவரும் இறங்கும்வரை மாடி விளக்கை அணைக்காமல் நிற்கிறேன்.