வட்டு அணி மீளமைப்பு

வட்டு அணி மீளமைப்பு என்பது, ரெய்டு முறையில் இணைக்கப்பட்ட வன்தட்டுகளுள் ஒன்றோ பலவோ பழுதடையும்போது, எஞ்சிய வட்டுகளில் உள்ளவற்றைக் கொண்டு இழந்த தரவை மீண்டும் உருவாக்கும் செயற்பாடு ஆகும். வழங்கிகளில் பல வட்டுகள் ஒரே வட்டு போலத் தோன்றுமாறு இணைக்கப்படுகின்றன. இத்தொகுதி அணி எனப்படுகிறது. ஒரு வட்டு பழுதடைந்தாலும் அணி தொடர்ந்து இயங்கக்கூடும். எனினும் மீளமைப்பு முடியும் வரை அதன் பாதுகாப்புக் குறைந்தே இருக்கும்.

வரலாறு

1988 ஆம் ஆண்டில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, ரெய்டு என்னும் பெயரைப் பரவலாக்கியது. விலை மிகுந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறிய வட்டுகள் பலவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர்களது முன்மொழிவு. வட்டுகளின் எண்ணிக்கை கூடும்போது, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதடையும் வாய்ப்பும் கூடும். இக்குறையை ஈடுசெய்ய மிகைத் தரவைச் சேமிக்கும் ஐந்து முறைகளை அக்கட்டுரை விளக்கியது. இவை ரெய்டு 1 முதல் ரெய்டு 5 வரை எண்ணிடப்பட்டன.

தாங்குதிறன்

இன்று பரவலாகப் பயன்படும் நிலைகளின் தாங்குதிறன் பின்வருமாறு:

* ரெய்டு 0: மிகைத் தரவு இல்லை. ஒரு வட்டு பழுதடைந்தால் அணி முழுவதும் இழக்கப்படும்.
* ரெய்டு 1: ஒவ்வொரு வட்டிலும் ஒரே தரவு படியெடுக்கப்படும். ஒரு வட்டு எஞ்சினாலும் போதும்.
* ரெய்டு 5: ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்.
* ரெய்டு 6: இரு வட்டுகளின் இழப்பைத் தாங்கும்.

இழந்த தரவைக் கணித்தல்

ரெய்டு 5 அணியில் தரவுடன் பாரிட்டி எனப்படும் சமன் தரவும் எழுதப்படுகிறது. இது எக்ஸ்-ஆர் என்னும் தருக்கச் செயலால் கணிக்கப்படுகிறது. இரு பிட்டுகள் ஒன்றாக இருந்தால் விடை 0; வேறுபட்டால் விடை 1.

எடுத்துக்காட்டாக, மூன்று வட்டுகளில் முறையே 1011, 0110, 1100 ஆகியவை உள்ளன எனக் கொள்வோம். இவற்றின் சமன் 0001 ஆகும். இது நான்காம் வட்டில் எழுதப்படும். இரண்டாம் வட்டு பழுதடைந்தால், எஞ்சிய 1011, 1100, 0001 ஆகியவற்றுக்கு அதே செயலைச் செய்ய 0110 கிடைக்கும். இதுவே இழந்த தரவாகும். நடைமுறையில் சமன் தரவு ஒரே வட்டில் குவியாமல் எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து எழுதப்படுகிறது.

மீளமைப்பின்போது ஏற்படும் இடர்

இழந்த வட்டின் ஒவ்வொரு பகுதியையும் கணிக்க, எஞ்சிய எல்லா வட்டுகளும் முழுமையாகப் படிக்கப்படல் வேண்டும். 4 டெராபைட் வட்டு ஒன்றை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழங்கி வேறு பணிகளையும் செய்துகொண்டிருந்தால் இது இன்னும் நீளும். ரெய்டு 5 அணியில் இந்நேரத்தில் இன்னொரு வட்டு பழுதடைந்தால் தரவு இழக்கப்படும்.

வட்டு முழுவதும் பழுதடையாமல் அதன் ஒரு சிறு பகுதி மட்டும் படிக்க இயலாமற் போவதும் உண்டு. சாதாரண வட்டுகளில் 10^14 பிட்டுகளுக்கு ஒரு பிழைக்கு மேல் நேராது எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். இது 12.5 டெராபைட்டுக்குச் சமம். நான்கு 4 டெராபைட் வட்டுகள் கொண்ட ரெய்டு 5 அணியை மீளமைக்க 12 டெராபைட் படிக்க வேண்டும். வட்டுகள் பெரும்பாலும் குறிப்பிட்டதைவிட நன்றாகவே இயங்குகின்றன. ஆயினும் பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 6 பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நெடுநாள் படிக்கப்படாத பகுதிகளில் உள்ள பிழைகள், மீளமைப்பின்போதுதான் முதன்முறையாக வெளிப்படுகின்றன. இதைத் தவிர்க்க, அணி நலமாக இருக்கும்போதே அனைத்து வட்டுகளும் குறித்த கால இடைவெளியில் முழுமையாகப் படித்துச் சோதிக்கப்படுகின்றன.

நின்றுபோன அணியை மீட்டல்

தாங்குதிறனுக்கு மேற்பட்ட வட்டுகள் விலகினால் அணி நின்றுவிடும். ஆனால் வட்டுகள் விலகியமைக்குக் காரணம் எப்போதும் வட்டுப் பழுது அன்று. தளர்ந்த கம்பி, மின்வழங்கிக் கோளாறு, கட்டுப்படுத்திக் கோளாறு ஆகியவற்றாலும் நல்ல வட்டுகள் விலக்கப்படலாம். இந்நிலையில் தரவு பெரும்பாலும் வட்டுகளிலேயே இருக்கும்.

லினக்சு இயங்குதளத்தின் மென்பொருள் ரெய்டு, அணியின் நிலை மாறும்போது ஒவ்வொரு வட்டிலும் நிகழ்வு எண் ஒன்றைப் புதுப்பிக்கிறது. விலகிய வட்டில் பழைய எண்ணே எஞ்சியிருக்கும். எனவே எந்த வட்டு முதலில் விலகியது என்பதை இவ்வெண்களை ஒப்பிட்டு அறியலாம். பொதுவான மீட்பு முறை பின்வருமாறு:

# அணியில் எதையும் எழுதாமல் நிறுத்துதல்.
# வட்டுகளின் வரிசை எண், அணியில் அவற்றின் இடம், நிகழ்வு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல்.
# பழுதுள்ள வட்டுகளை குனூ டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் வேறு வட்டுகளுக்குப் படியெடுத்தல்.
# மிகப் பழைய எண் கொண்ட வட்டைத் தவிர்த்து, ஏனையவற்றைக் கொண்டு அணியை வலிந்து இயக்குதல்.
# கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் திறந்து, தேவையான கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுத்தல்.
# அதன் பின்னரே புதிய வட்டைச் சேர்த்து மீளமைத்தல்.

பழைய வட்டுகளின்மேல் புதிய அணியை உருவாக்கும் கட்டளையை இடுவது ஆபத்தானது. வட்டுகளின் வரிசையோ துண்டின் அளவோ மாறினால், தொடர்ந்து நிகழும் ஒத்திசைவு நல்ல தரவை அழித்து எழுதிவிடும். பழுதான வட்டுக்குப் பதிலாக நல்ல வட்டைத் தவறுதலாகக் கழற்றுவதும் அடிக்கடி நேரும் பிழையாகும். வரிசை எண்ணைச் சரிபார்ப்பதன் மூலம் இதைத் தவிர்க்கலாம்.

காப்புநகலுடன் வேறுபாடு

ரெய்டு வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே பாதுகாக்கிறது. தவறுதலாக நீக்கப்பட்ட கோப்பு, எல்லா வட்டுகளிலிருந்தும் உடனே நீங்கிவிடும். நச்சுநிரல், தீ, திருட்டு ஆகியவற்றையும் அது தடுக்காது. எனவே வேறோர் இடத்தில் தனியாகக் காப்புநகல் வைத்திருப்பது இன்றியமையாதது. மீளமைப்பு தோல்வியடையும்போது எஞ்சுவது அந்நகல் மட்டுமே.